தூங்கும்போது எடுத்த படம்

நாற்பத்திரண்டு வயதில் எனக்கு இரண்டாவது முறையாகக் குழந்தை உண்டானது. மூத்தவள் அப்போது புதுச்சேரியில் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் எங்களுக்கு ஒரு ஃபேன்சி ஸ்டோர். வளையல், ரிப்பன், ஊக்கு, கொண்டை ஊசி, முக்காட்டுக்குக் குத்துகிற பின் என்று சின்னச் சின்னப் பொருட்கள். வாங்க வரும் பெண்கள் முதலில் என் வயிற்றைப் பார்ப்பார்கள், பிறகு முகத்தை, அதற்குப் பிறகுதான் வளையலை. எதிர்க்கடைக்காரம்மா ஒருநாள் வாய்விட்டே கேட்டுவிட்டார்.

“பொண்ணுக்கு மாப்ள தேடுற வயசுல இன்னாமா இது?”

“படிச்சி முடிச்சாதான் கல்யாணம்னுட்டா. வூட்ல தொட்டில் சும்மாதான தொங்குதுன்னு நான் முந்திக்கினேன்.”

கடையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்தார். ஐந்தாம் மாத ஸ்கேன் வரைக்கும் இந்தக் கேலிக்குப் பதில் சொல்வதுதான் எனக்குப் பெரிய வேலையாக இருந்தது.

ஸ்கேனுக்கு என் கணவரும் அவருடைய அக்காவும் கூட வந்தார்கள். நாத்தனாருக்கு வீடு கல்வராயன் மலையில், கரியாலூரில். அருவி பார்க்க வருகிறவர்களுக்கும் மலைக்காரர்களுக்குமாக அங்கே ஒரு மளிகைக் கடை வைத்திருக்கிறார்கள். நான் உண்டான செய்தி தெரிந்த நாளிலிருந்து ஏதாவது ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கிவிடுவார். சாமை, பலாப்பழம், கடுக்காய். கடுக்காய் எதற்கு என்று கேட்டால், “இருக்கட்டும்,” என்பார்.

ஸ்கேன் அறையில் குழந்தை முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தது. டாக்டரம்மா கருவியை எப்படி நகர்த்தினாலும் தலை சரியாகத் தெரியவில்லை. “வெளிய போய் இனிப்பா ஏதாவது குடிச்சிட்டு, கொஞ்சம் நடந்துட்டு வாங்க. தானா திரும்பும்,” என்றார். மாம்பழ ஜூஸ் குடித்தேன். ஸ்கேன் சென்டர் வாசலில் அக்காவும் தம்பியும் பக்கத்துக்கு ஒருவராக என்னை நடத்தினார்கள். மறுபடி போய்ப் படுத்தபோது குழந்தை திரும்பியிருந்தது. நாத்தனாருக்கு அது பெரிய வித்தையாகப் பட்டது.

“சர்க்கரைய காட்னா மூஞ்சிய காட்டுது பாரு. இது நம்ம வூட்டுப் பிள்ளதான்.”

டாக்டர் சிரிக்கவில்லை. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப அளந்துகொண்டிருந்தார். பிறகு கருவியை வைத்துவிட்டு, என்னை எழுந்து உட்காரச் சொன்னார்.

“மூளைக்குள்ள ரெண்டு பக்கமும் நீர் தங்குற இடம் இருக்கும். அது கொஞ்சம் அகலமா இருக்கு. அப்புறம், மூளையோட ரெண்டு பாதியையும் சேர்க்குற ஒரு நரம்புக் கட்டு நடுவுல இருக்கணும். அது எனக்குத் தெரியல.”

“இல்லீங்களா?” என்று கேட்டேன்.

“இல்லன்னு சொல்லலம்மா. இந்த மிஷின்ல தெரியலன்னு சொல்றேன். எம்.ஆர்.ஐ. எடுத்தாதான் உறுதியா சொல்ல முடியும்.”

வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளைக்கு எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள் என்பதே எங்களுக்குப் புதுச் செய்தி. எக்ஸ்ரே போலக் கதிர் எதுவும் இல்லை, காந்தத்தால் எடுக்கிற படம்தான் என்று டாக்டர் விளக்கினார். சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், பிறக்காத குழந்தைகளின் மூளை எப்படி வளர்கிறது, எங்கே வளர்ச்சி பிசகுகிறது என்று ஆராய்கிற டாக்டர்கள் இருக்கிறார்கள் என்றும் சொன்னார். இன்னும் இரண்டு வாரம் வளர்ந்தால் படம் தெளிவாக வரும். ரொம்பவும் தள்ளிப்போடவும் கூடாது. பிள்ளை வேண்டாம் என்று முடிவெடுக்க நேர்ந்தால், அதற்குச் சட்டம் தரும் காலம் அதிகமில்லை.

அன்றைய நாட்குறிப்பில் ‘மழை. கடை அரை நாள்’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன். வேறு எதையும் எழுத்தில் வைக்க எனக்குத் துணிவு வரவில்லை. அந்த நரம்புக் கட்டு இருக்கிறதா, இல்லையா? கடையில் ஊக்கை அட்டையில் குத்தும்போதும் சோற்றை வடிக்கும்போதும் இந்த ஒரு கேள்விதான்.

நாத்தனார் மலைக்குத் திரும்பவில்லை. ஒரு சாயங்காலம் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாச்சுளை எடுத்துக்கொண்டிருந்தவர், என்னைப் பார்க்காமலே பேச ஆரம்பித்தார்.

“நான் சொல்றேன்னு கோச்சிக்காத. பெரியவ நல்லா வளந்து ஆளாயிட்டா. உனக்கு அறுவது ஆவும்போது இதுக்கு இன்னா வயசு? நடக்க முடியாத பிள்ளைய இடுப்புல தூக்கிக்கினு அலைவியா? அதுக்கப்புறம் யாரு? அந்தப் பொண்ணு தலைலதான வந்து விடியும்?”

“மொதல்ல படம் எடுக்கட்டுங்கக்கா.”

“எடு. நா வேணாம்னா சொல்றேன்? நல்லாருந்தா சந்தோசம். நல்லா இல்லன்னா தைரியமா ஒரு முடிவ எடு. ரெண்டுங்கெட்டானா அழுதுகினு இருக்காத.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் நான் ஏற்கெனவே நினைக்காதது ஒன்றும் இல்லை. கூடத்தில் என் கணவர் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் பேசி முடித்ததும் சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

சேலம் ஆஸ்பத்திரியிலிருந்து போனில் சொன்னது ஒன்றே ஒன்றுதான். “வெறும் வயித்தோட வராதீங்க. லேசா ஏதாவது சாப்ட்டுட்டு வாங்க.” இதை நாங்கள் மூன்று பேரும் எங்களுக்குத் தெரிந்த வழியில் புரிந்துகொண்டோம். கள்ளக்குறிச்சி ஸ்கேனில் இனிப்புக் குடித்ததும் குழந்தை திரும்பி முகம் காட்டியதல்லவா? பெரிய ஸ்கேன் என்றால் பெரிய இனிப்பு.

பஸ் குலுக்கும் என்று பயந்து சின்னசேலம் போய் ரயில் ஏறினோம். நாத்தனார் பையிலிருந்து ஒரு பாட்டில் மலைத்தேனை வெளியே எடுத்தார். எனக்குச் சர்க்கரை நோய் இல்லை என்று முந்தின வாரம்தான் சோதித்திருந்தார்கள், அதனால் நானும் மறுக்கவில்லை. ரயில் கிளம்பியதும் தண்ணீரில் கலந்து ஒரு டம்ளர் கொடுத்தார். ஆத்தூர் தாண்டியதும் ஒன்று. ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கியதும், தண்ணீர் கலக்காமல் உள்ளங்கையில் ஊற்றி நக்கச் சொன்னார்.

“போதுங்கக்கா, தொண்டைய அடைக்குது.”

“உனக்கா குடுக்குறேன்? உள்ள இருக்குற ஆளுக்கு. சட்டுனு திரும்பிப் படுக்கணும்ல?”

உடை மாற்றும் அறையில் உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது என்றார்கள். முக்காட்டிலிருந்து ஒவ்வொரு பின்னாக எடுத்துத் தட்டில் வைத்தேன். தோளில் இரண்டு, பாவாடையில் ஒன்று, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று ரவிக்கை ஓரத்தில் குத்தியவை வேறு. நர்ஸ் பொறுமை இழந்துவிட்டார்.

“என்னம்மா, ஊக்குக் கடையே வெச்சிருக்கீங்களா?”

“ஆமாங்க. கள்ளக்குறிச்சியில.”

நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்து அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பக்கவாட்டில் சாய்த்துப் படுக்கவைத்து, வயிற்றின் மேல் கவசம் போன்ற ஒன்றைக் கட்டி, காதை மூடி, கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தார்கள். பயமாக இருந்தால் அதை அழுத்த வேண்டும். படுக்கை அப்படியே குழாய்க்குள் நகர்ந்தது. காதை மூடியிருந்தும் தகரக் கூரையில் யாரோ சுத்தியலால் அடிப்பதுபோலச் சத்தம். நடுநடுவே டெக்னீஷியனின் குரல் வரும். “மூச்சை இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க. இப்ப விடுங்க.”

நான் அசையவில்லை. உள்ளே இருந்த ஆள் அசைந்தது. அசைந்தது என்றால் சும்மா இல்லை. காலை உதைத்து, தலையைத் திருப்பி, கீழே இருந்து மேலே வந்து மறுபடி கீழே போனது. நன்றாகத் திரும்புகிறது, எல்லாம் தெரிந்துவிடும் என்று நான் உள்ளே படுத்தபடி மகிழ்ந்துகொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் படுக்கையை வெளியே இழுத்துவிட்டார்கள். டெக்னீஷியன் என் அருகில் வந்து நின்றார்.

“என்னம்மா சாப்ட்டீங்க?”

“தேன்.”

“எவ்ளோ?”

நான் சொன்னதைக் கேட்டு அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “அது வேற ஸ்கேன்மா. அதுல பாப்பா ஆடினா நல்லது, திரும்பும். இதுல தூங்கணும். ஆடினா படம் பூரா கலங்கிடும். ஒண்ணுகூட உருப்படியா வரல.”

வெளியே இதைச் சொன்னபோது நாத்தனாரின் முகம் செத்துவிட்டது. எப்போதும் ஒன்றுக்கு ஒன்பது பேசுகிறவர், பாட்டிலைப் பைக்குள் தள்ளிவிட்டு ஜிப்பை இழுத்து மூடினார். அன்று எடுக்க முடியாவிட்டால் அடுத்த வாரம்தான் நேரம் கிடைக்கும் என்றார்கள். எங்களிடம் அடுத்த வாரம் இருக்கிறதா என்பதே சந்தேகம். டெக்னீஷியன் நல்ல மனிதர். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஓர் இடைவெளி வரும், அதற்குள் குழந்தை அடங்கினால் மறுபடி முயன்று பார்க்கலாம் என்று சொல்லி, ஓர் ஓரக் கட்டிலில் என்னை இடப் பக்கமாகப் படுக்கவைத்தார்.

நாத்தனார் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து என் வயிற்றில் கையை வைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் வந்த வார்டு அம்மாவைப் பார்த்து வாயில் விரலை வைத்தார். போனில் பேசிக்கொண்டே வந்த ஒருவரை முறைத்துத் திருப்பி அனுப்பினார். என் கணவரின் செருப்பு கிறீச்சிட்டது என்று அவரையே வெளியே போகச் சொன்னார்.

“இன்னும் ஆடிக்கினு இருக்குதா?” என்று வாசலிலிருந்து அவர் கேட்டார்.

“ஆடுது. கொழுப்பப் பாரு. தூங்குடி, தூங்குடா, எதுவா இருந்தாலும் தூங்கு.” பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னார். “இவ்ளோ ஆடுதே. மூளையில குறை இருக்குற பிள்ளையா இப்படி ஆடும்?”

“ஆடறத வெச்சி ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு டாக்டர் சொன்னாங்கக்கா.”

“தெரியுதும்மா. எனக்கு நானே சொல்லிக்கிறேன். உடு.”

அவர் கண் கலங்கியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். தைரியமாக முடிவெடு என்று சொன்னவர் கை என் வயிற்றிலிருந்து நகரவே இல்லை. மதியத் தொழுகையான லுஹர் நேரம் தாண்டியிருக்கும். உள்ளே அசைவு மெல்ல மெல்லக் குறைந்து நின்றது. நாத்தனார் சைகையால் என் கணவரை ஓடச் சொன்னார். தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலோடு தூக்குவதுபோல என்னைப் பிடித்து நடத்திக்கொண்டு போனார்கள். அந்தச் சுத்தியல் சத்தம் முழுவதையும் தூங்கியே கழித்துவிட்டது என் குழந்தை.

படத்தைப் பார்த்துச் சொன்னவர் அந்த ஆராய்ச்சிக் குழுவின் டாக்டர், என்னைவிட இளையவர். அவசரமே இல்லாமல் பேசினார். கணினித் திரையில் என் குழந்தையின் மூளை. உரித்த நுங்கு போல வழவழவென்று இருந்தது. எனக்குத் தெரிந்த மூளைப் படங்களில் மடிப்பு மடிப்பாக இருக்குமே என்று பதறினேன். இந்த மாதத்தில் இப்படித்தான் இருக்க வேண்டும், மடிப்புகள் இனிமேல்தான் விழும் என்றார். பிறகு நடுவில் ஒரு மெல்லிய கறுப்பு வளைவைக் காட்டினார்.

“பாப்பாவுக்கு அந்த நரம்புக் கட்டு இருக்கு. முன்பக்கமும் நடுவும் நல்லா இருக்கு. பின்பக்கம் மட்டும் மெல்லிசா, குட்டையா இருக்கு. நீர் கொஞ்சம் கூடுதல். வேற குறை எதுவும் தெரியல.”

“பாப்பான்னா பொண்ணா?” என்று நாத்தனார் கேட்டுவிட்டார்.

என் கணவர் அவர் கையைப் பிடித்து அழுத்தினார். “சும்மா இருக்கா. எல்லாப் பிள்ளையையும் பாப்பான்னுதான் சொல்லுவாங்க. வெளிய சொன்னா அவங்களுக்கு ஜெயிலு.”

டாக்டர் சிரித்துக்கொண்டே எங்களுக்கு ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினார். இந்தப் பாதி மூளையிலிருந்து அந்தப் பாதிக்குச் செய்தி போகிற பாதை அது. நாத்தனார் படத்தை உற்றுப் பார்த்தார்.

“எங்க ஊரு ரோடு மாதிரி. எதுக்க ஒரு பஸ்ஸு வந்தா நம்ம வண்டி ஒதுங்கி நிக்கணும். லேட்டாவும். ஆனா போய்ச் சேந்துரும். அப்படித்தானுங்களே?”

“நான் இனிமே எல்லார்கிட்டயும் இதையே சொல்றேன்மா,” என்றார் டாக்டர். பிறகு என் பக்கம் திரும்பினார். “ஆனா உங்ககிட்ட ஒண்ணு மறைக்கக் கூடாது. இப்படி இருக்குற பிள்ளைங்கள்ல பல பேர் நல்லா வளர்றாங்க. சில பேருக்கு நடை, பேச்சு, படிப்பு தாமதமாகுது. சிலருக்கு வலிப்பு வரலாம். உங்க பாப்பா அதுல யாருன்னு இந்தப் படத்த வெச்சி சொல்ல எங்களுக்கு இன்னும் தெரியாது. அதனாலதான் இந்தப் படங்களைச் சேர்த்து வெக்கிறோம். பிறந்த பிறகும் அந்தப் பிள்ளைங்கள வருஷா வருஷம் பாக்குறோம்.”

பெயர் இல்லாமல் என் குழந்தையின் படத்தையும் சேர்த்துக்கொள்ளலாமா, எட்டாம் மாதம் இன்னொரு முறை வந்து படுப்பீர்களா என்று கேட்டார். நீங்கள் எந்த முடிவை எடுத்தாலும் அதில் நான் குறுக்கிட மாட்டேன் என்றும் சொன்னார். எனக்கு முன்னால் அந்தக் குழாய்க்குள் படுத்த பெண்களை நினைத்துக்கொண்டேன். அவர்கள் சம்மதித்ததால்தான் ‘பல பேர் நல்லா வளர்றாங்க’ என்ற ஒரு வாக்கியமாவது எனக்குக் கிடைத்திருக்கிறது.

திரும்பும் ரயில் வாழப்பாடியைத் தாண்டியதும் என் கணவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டார்.

“நமக்கப்புறம் யாரு பாத்துப்பா?”

அவர் வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்தது அதுதான் முதல் முறை. நான் மகளுக்குப் போன் போட்டு, டாக்டர் சொன்ன அத்தனையையும் நல்லது கெட்டது இரண்டும் விடாமல் சொன்னேன். அவளுடைய அத்தா கேட்ட அந்தக் கேள்வியையும் சொன்னேன்.

“எங்கிட்ட உட்டுட்டுப் போறதுக்கு நீங்க ரெண்டு பேரும் இப்பவே எங்க கெளம்பிட்டீங்க?” என்றாள். “மொதல்ல அது வரட்டும்மா. வந்து என் துணியெல்லாம் கிழிக்கட்டும். அப்புறம் பாத்துக்கலாம்.”

நான் அவரைப் பார்த்தேன். “வெச்சிக்கலாங்க,” என்றேன். அவர் தலையை ஆட்டினார். நாத்தனார் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, “ஆத்தூர்ல டீ வந்தா சொல்லுங்க. தலை வலிக்குது,” என்று கண்ணை மூடிக்கொண்டார்.

எட்டாம் மாதம் இட்லி மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படுத்தேன். நுங்கில் மடிப்புகள் விழுந்திருந்தன. நீர் கூடவில்லை. பெண் குழந்தை, சேலத்திலேயே பிறந்தாள், பிறந்த உடனே அழுதாள். உட்காருவதற்கும் நிற்பதற்கும் மற்றப் பிள்ளைகளைவிட அதிக காலம் எடுத்துக்கொண்டாள். வலிப்பு இதுவரை வரவில்லை. இப்போது அவளுக்கு மூன்று வயது நெருங்குகிறது. வருஷத்துக்கு ஒருமுறை அந்த டாக்டரிடம் போகிறோம். பொம்மைகளையும் கட்டைகளையும் கொடுத்து என்னென்ன செய்கிறாள் என்று பார்த்து எழுதிக்கொள்கிறார்கள்.

போன மாதம் டாக்டர் போன் செய்தார். கல்வராயன் மலையிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறார், வயிற்றுப் பிள்ளைக்குக் கிட்டத்தட்ட எங்கள் குழந்தைக்கு வந்த படமே வந்திருக்கிறது. “எவ்ளோ விளக்கினாலும் படத்த நம்ப மாட்டேங்குறாங்க. அப்படிப் பிறந்த ஒரு பிள்ளைய கண்ணால பாக்கணுமாம். உங்களுக்கு இஷ்டம் இருந்தாதான்,” என்றார். கரியாலூரில் நாத்தனார் கடையில் சந்திப்பது என்று ஏற்பாடாயிற்று.

கணவனும் மனைவியுமாக வண்டியில் வந்தார்கள். அவன் இறங்காமல் ரோட்டோரத்திலேயே வண்டியில் உட்கார்ந்துகொண்டான். அவளுக்கு என் மூத்த மகளைவிட இரண்டு மூன்று வயது கூடுதலாக இருக்கலாம். வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருப்பதாகச் சொன்னாள். நான் சொல்ல வேண்டியதையெல்லாம் வரிசையாக யோசித்துக்கொண்டு போயிருந்தேன். எப்போது தலை நின்றது, எப்போது நடந்தாள், இப்போது எத்தனை சொல் பேசுகிறாள், படி இறங்கும்போது விழுகிறாள், இரண்டு கையையும் சேர்த்துச் செய்கிற வேலை இன்னும் வரவில்லை, பள்ளிக்கூடத்தில் எப்படி இருப்பாள் என்று எனக்கே தெரியாது. கூட்டாமல் குறைக்காமல் எல்லாம் சொன்னேன். உங்கள் பிள்ளை இவளைப் போலவே இருக்கும் என்று நான் சொல்ல முடியாது என்றும் சொன்னேன்.

அவள் கேட்டுக்கொண்டாள். ஆனால் பார்வை முழுக்கக் கடைப் பலகைமேல் உட்கார்ந்திருந்த என் மகள்மீதே இருந்தது. மகள் ஒரு பிஸ்கெட் பாக்கெட்டை ஒரு கையால் நெஞ்சோடு அணைத்துப் பல்லால் கிழிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணு கேக்கவா அக்கா? பாப்பா சண்ட போடுமா?”

இந்தக் கேள்வி என் வரிசையில் இல்லை. “போடுவா. நேத்துகூட அவ அத்தாவ கடிச்சி வெச்சா.”

“எங்கூட்ல ரெண்டு இருக்குது. சண்ட போட்டாதான் சோறு,” என்று சொல்லிக்கொண்டே அவள் பலகை அருகே போய், கிழித்துக் கொடுக்கலாம் என்று பாக்கெட்டைத் தொட்டாள். என் மகள் வீறிட்டாள். ‘என்னுது’ என்பதைத் தன் மழலையில் “எந்து!” என்று கத்திக்கொண்டு காலால் உதைத்தாள். உதை அந்தப் பெண்ணின் வயிற்றில் படாமல் நாத்தனார் பாய்ந்து பிடித்தார்.

“ஏய், வந்தவங்கள உதைக்கிற? ரௌடி!”

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, ரோட்டுப் பக்கம் திரும்பிக் கையைத் தட்டினாள்.

“இன்னாத்துக்கு அங்கியே குந்திக்கினு இருக்குற? எறங்கி வா, இங்க வந்து பாரு.”